நாகர்கோவிலிலிருந்து ஒரே நாளில் போர்க்களங்கள்: குளச்சல், உதயகிரி, ஆரல்வாய்மொழி. எதைப் பார்ப்பது, எந்த வரிசையில்?

வடசேரி வாசகி

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை கடைசியில் அண்ணன் குடும்பம் மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வருகிறது. மருமகன் பத்தாம் வகுப்பு, மருமகள் ஆறாம் வகுப்பு. போன தடவை ஒரு டிராவல்ஸ் வேனில் "மாவட்டம் முழுக்க ஒரு நாள்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சுசீந்திரம், வட்டக்கோட்டை, அரண்மனை, திற்பரப்பு, கடைசியில் சூரிய அஸ்தமனம். உதயகிரி வந்தபோது வண்டியை நிறுத்தக்கூட இல்லை. வழிகாட்டி முன் சீட்டிலிருந்து திரும்பி, "இதுதான் டச்சுக்காரன் கோட்டை" என்று கையைக் காட்டினார், அவ்வளவுதான். டச்சுக்காரனுக்கு இங்கே எதற்குக் கோட்டை என்று பையன் கேட்டான். வண்டியில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

இந்தத் தடவை அருவியும் வேண்டாம், அஸ்தமனமும் வேண்டாம். போர் நடந்த இடங்களை மட்டும் ஒரு நாளில் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது? விவரம் தெரிந்த வழிகாட்டி கிடைப்பாரா? குளச்சலில் அந்தப் போர் வெற்றித்தூணைத் தவிரப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

தக்கலை வண்டிக்காரன்

அக்கா, முதலில் கிழமையைப் பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை கிடையாது. மற்ற நாட்களிலும் மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டி இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர் வண்டிகள் சரியாக ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்று தவிப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன். அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. அதனால் விடுமுறையும் அவர்கள் கணக்குப்படிதான். உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது, சிறிய நுழைவுக் கட்டணம் உண்டு.

நாஞ்சில் நடைவழி

வாசகி அவர்களுக்கு, பையன் கேட்டது சரியான கேள்வி. அந்த ஒரு கேள்வியை வைத்தே நாள் முழுவதையும் அமைத்துவிடலாம்.

பெரும்பாலான வண்டிகள் அரண்மனையில் தொடங்குகின்றன, அதனால்தான் எதுவும் புரிவதில்லை. குளச்சல் கடற்கரையில் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுவதும் மிளகுக்காக அடித்துக்கொண்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொச்சியில் உட்கார்ந்துகொண்டு, சிறு சிறு நாடுகளோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு மிளகை வாங்கி வந்தது. ராஜா மார்த்தாண்ட வர்மா அந்த நாடுகளை ஒவ்வொன்றாகத் தன் வேணாட்டோடு, அதாவது பின்னாளைய திருவிதாங்கூரோடு, சேர்க்கத் தொடங்கியதும் கம்பெனியின் வியாபாரம் ஆட்டம் கண்டது. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹோஃப் எச்சரித்துப் பார்த்தார், நடக்கவில்லை. 1739இல் தொடங்கிய பகை 1741இல் நம் ஊர்க் கடற்கரைக்கு வந்துவிட்டது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த படை குளச்சலில் இறங்கி, இரணியல், தக்கலை என்று உள்ளே வந்தது. குறி கல்குளம். அதாவது இன்றைய பத்மநாபபுரம், அன்றைய தலைநகரம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குளச்சலிலிருந்து திங்கள்நகர், இரணியல் வழியாகத் தக்கலை. பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் வரும். கடலுக்கும் தலைநகருக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. ராஜா எவ்வளவு பதறியிருப்பார் என்பது அந்தச் சாலையில் வண்டியில் போகும்போது தானாகவே புரியும். அரண்மனையிலிருந்து தொடங்கினால் இது புரியவே புரியாது.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. வடக்கே போயிருந்த மார்த்தாண்ட வர்மா படையோடு திரும்பி வந்தார். டச்சுக்காரர்கள் குளச்சலுக்குள்ளேயே முடங்கிக் கடைசியில் சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். அவரைக் கொல்லவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார் ராஜா. உதயகிரியைப் பலப்படுத்தியது அவர், உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை வைத்ததும் அவர். டச்சுக்காரனுக்கு இங்கே எதற்குக் கோட்டை என்றால், அது டச்சுப் படையோடு வந்த ஒருவன் நமக்குப் பலப்படுத்திக் கொடுத்த கோட்டை.

ஆகவே வரிசை இதுதான்: குளச்சல், இரணியல், பத்மநாபபுரம், உதயகிரி. நாலே இடம். ஐந்தாவதைச் சேர்க்கச் சொல்லி யார் வந்தாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வேணாடு வீரன்

அண்ணாச்சி அருமையாகச் சொன்னீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை முதன்முதலில் தோற்கடித்த ஆசிய அரசு திருவிதாங்கூர்தான். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதானே?

நாஞ்சில் நடைவழி

தம்பி, உங்கள் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த "முதன்முதலில்" நிற்காது. 1638இல் கண்டிக்கு அருகே கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துகீசியப் படையை அழித்தார். 1662இல் சீனத் தளபதி கொக்சிங்கா தைவானிலிருந்த சீலாண்டியா கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு இதே டச்சுக் கம்பெனியை வெளியேற்றினார். பத்தாம் வகுப்புப் பையன் கைப்பேசியில் தேடினால் அரை நிமிடத்தில் இது கிடைத்துவிடும். அப்புறம் நாம் சொன்ன மீதியையும் அவன் நம்ப மாட்டான்.

குளச்சலின் பெருமைக்கு அந்த அடைமொழி தேவையே இல்லை. அதற்குப் பிறகு மலபார்க் கரையில் டச்சுக்காரர்களால் நிமிர முடியவில்லை. 1753இல் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில் திருவிதாங்கூரின் விஷயங்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கினார்கள். தோற்ற படையிலிருந்து வந்த ஒருவரை வைத்தே வென்ற படை புதிதாக உருவானது. இதைச் சொல்லுங்கள், போதும்.

வேணாடு வீரன்

சீலாண்டியா விவரம் எனக்குப் புதிது அண்ணாச்சி. படித்துப் பார்க்கிறேன். ஆனால் கடலில் அவ்வளவு பலம் வாய்ந்த கம்பெனியை ஒரு சிறு நாடு கரையில் வைத்து மடக்கியது சாதாரணம் இல்லை என்பதையாவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

குளச்சல் கடலோரம்

எங்கள் ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தூணைத் தவிர என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டிருக்கிறீர்கள். கடல் இருக்கிறது அக்கா. போர் நடந்ததே அதனால்தான்.

வழிகாட்டிகள் வெற்றித்தூண் பக்கத்தில் நின்று ராஜா, தளபதி என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கதையில் வருவதே இல்லை. ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது வேறு. கப்பலில் இருந்தவர்களுக்குக் கரையில் பெரிய படை நிற்பதுபோலத் தெரிய வேண்டும் என்று, எங்கள் மீனவர்களான முக்குவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்கள் என்பார்கள். இது செவிவழிக் கதை. ஏட்டில் இருக்கிறதா என்று கேட்டால் என்னிடம் காட்ட ஏதும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தக் கரையில் எந்த மாதம் எந்தப் பக்கம் அலை அடிக்கும், எங்கே பாறை, எங்கே வள்ளத்தை இறக்கலாம் என்பது இங்கே இருப்பவனுக்குத்தானே தெரியும்? ஆடிக் கடலில் கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் அரிசியையும் மருந்தையும் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பாடு என்று வள்ளம் தள்ளிய எவனைக் கேட்டாலும் சொல்வான். நீங்கள் வருவதும் அதே பருவம்தான். பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி ஐந்து நிமிடம் அலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து உதவி வராமல் ஒரு படை இங்கே எப்படிச் சிக்கிக்கொண்டது என்பது கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். அந்த மாதத்தில் இழுப்பு அதிகம்.

இன்னொன்று. ஜூலை 31 அன்று வந்தால் வெற்றித்தூணில் ராணுவத்தினர் மரியாதை செலுத்துவதைப் பார்க்கலாம். பழைய திருவிதாங்கூர் நாயர் படை பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமெண்டோடு சேர்ந்தது, அந்த வழியில் அவர்கள் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். சில புத்தகங்களில் ஆகஸ்ட் 10 என்று இருக்கும். அன்று பழைய நாள்காட்டியும் புதிய நாள்காட்டியும் இரண்டும் புழக்கத்தில் இருந்ததால் வந்த வித்தியாசம் அது, குழம்ப வேண்டாம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் முடிவதும் அதே ஜூலை 31 தான். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுவதும் வலை ஏற்றுவதுமாக ஒரே பரபரப்பாக இருக்கும்.

வடசேரி வாசகி

குளச்சல் அண்ணனுக்கு ரொம்ப நன்றி. துடுப்புக் கதையைச் செவிவழிக் கதை என்று சொல்லியே சொல்லலாமா?

குளச்சல் கடலோரம்

அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லாமல் விடக் கூடாது.

மார்த்தாண்டம் மகள்

நான் இப்போது பாங்காக்கில் இருக்கிறேன். இங்கிருந்து காஞ்சனபுரிக்கு ஒரு நாள் பயணமாகக் கூட்டிப்போவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். நான் போன குழுவின் வழிகாட்டி நன்றாகத்தான் சொன்னார். போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் இருக்கிறது. அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தத் தோட்டத்தில் அவர்களுக்குக் கல் இல்லை. நான் கேட்ட பிறகுதான் வழிகாட்டி அவர்களைப் பற்றிப் பேசினார். கேட்காதிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

குளச்சல் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வழிகாட்டியை அமர்த்தும்போதே கேட்டுவிடுங்கள்: சண்டை போட்டவர்கள், சுமை தூக்கியவர்கள், ஊரில் இருந்தவர்கள், இவர்களைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று. பதில் வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கிழக்குக் கணவாய்

நான் ஆரல்வாய்மொழிக்காரன். எல்லோரும் ஜெயித்த போரை மட்டும் பேசுகிறீர்கள், தோற்ற போரை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1809இல் திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், வேலுத்தம்பி பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்தார். ஜனவரியில் குண்டறையில் அறிக்கை விட்டார். கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் ஆங்கிலக் கம்பெனிப் படை கிழக்கிலிருந்து வந்தது. அவர்கள் வரக்கூடிய வழி எங்கள் கணவாய்தான். இங்கே மலைக்கும் மலைக்கும் நடுவே கோட்டை மதிலும் பீரங்கி மேடைகளும் இருந்தன, தெற்கே வட்டக்கோட்டை வரை அந்த அரண் நீண்டது. அதையும் டி லனாய் காலத்தில்தான் பலப்படுத்தினார்கள். நேராக மோதினால் ஆள் சேதம் அதிகம் என்று, பிப்ரவரி 10ஆம் தேதி இரவில் மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவைக் கூட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறிப் பக்கவாட்டில் வந்து பிடித்துவிட்டார். அவ்வளவு பெரிய அரண் ஒரே ராத்திரியில் போயிற்று. ஒரு வாரம் பத்து நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையே இல்லாமல் கைமாறின.

இன்றைக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் காற்றாலைகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மதிலின் மிச்சம் முள்ளுக்குள்ளே கிடக்கிறது. பலகை இல்லை. எந்தச் சுற்றுலா வண்டியும் இங்கே நிற்பதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணவாயில் நின்று மேற்கே பார்த்தால் நாஞ்சில் நாடு முழுக்க வயலும் குளமுமாகத் தெரியும். இந்த வாசலைப் பிடித்தவனுக்கு அப்புறம் தடையே இல்லை என்பதை வாயால் சொல்ல வேண்டாம்.

இங்கேயே காற்றாடிமலையும் இருக்கிறது. தேவசகாயம் பிள்ளையை 1752இல் சுட்டுக் கொன்ற இடம். டி லனாயோடு பழகித்தான் அவர் கிறிஸ்தவர் ஆனார். 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். டி லனாய் கதையில் இதையும் விட முடியாது.

நாஞ்சில் நடைவழி

நீங்கள் சொல்வது நியாயம். வெற்றியை மட்டும் காட்டும் பயணம் அரைப் பயணம்தான். எனக்குத் தயக்கம் தூரத்தில் மட்டுமே. குளச்சல் மேற்கே, ஆரல்வாய்மொழி வடகிழக்கே. நடுவில் நாகர்கோவில் போக்குவரத்து. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பழைய டிராவல்ஸ் வேன் கதைதான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் இரணியலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளச்சலிலிருந்து தக்கலை போகும் வழியில் சற்றே விலகினால் போதும். 1741இல் டச்சுப் படை வந்த சாலையை ஒட்டியே 1809இன் தளவாய் பிறந்திருக்கிறார். அங்கே நின்று இரண்டாவது போரைத் தொடங்கிவிட்டு, உதயகிரி மதிலுக்கு அடியில் அதை முடிக்கலாம். டி லனாய் பலப்படுத்திய அவ்வளவு கனமான கோட்டை, அவர் இறந்து முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு குண்டும் வெடிக்காமல் விழுந்தது ஏன்? பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். கோட்டை மட்டும் இருந்தால் போதாது, அதற்கு முன்னால் இருக்கும் கணவாயும், உள்ளே நிற்கும் ஆட்களின் மனசும் நிலைக்க வேண்டும். ஆரல்வாய்மொழியை இன்னொரு நாள் காலையில் வட்டக்கோட்டையோடு சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அரணின் இரண்டு முனையும் அன்றைக்கு முடிந்துவிடும்.

கிழக்குக் கணவாய்

இன்னொரு நாள் என்று சொன்னால் அந்த நாள் வருவதே இல்லை அண்ணாச்சி. அதுதான் என் கவலை.

புலியூர்க்குறிச்சி

உதயகிரிக்குப் பக்கத்திலேயே வீடு. உள்ளே என்ன பார்ப்பது என்று ஒருவரும் எழுதவில்லையே.

நுழைந்ததும் மானும் மரவீடும் என்று பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். விடுங்கள், கொஞ்ச நேரம் ஓடட்டும். அதற்குள் நீங்கள் மதிலைப் பாருங்கள். ஒரு குன்றையே சுற்றி வளைத்துக் கட்டியது, உள்ளே சுமார் தொண்ணூறு ஏக்கர். கருங்கல்லைச் செதுக்கிப் பொருத்தியிருக்கும் விதத்தைக் கை வைத்துப் பார்க்கலாம். பிற்காலத்தில் திப்புவின் படையிலிருந்து பிடிபட்டவர்களையும் இதற்குள்தான் அடைத்து வைத்திருந்தார்களாம்.

அப்புறம் உள்ளே நடந்தால் கூரை போன ஒரு தேவாலயம். சுவர் மட்டும் நிற்கிறது, மேலே வானம். அதற்குள் டி லனாய் கல்லறை. படுத்த கல், அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. லத்தீன் வாசகம் "வழிப்போக்கனே, நில்" என்று தொடங்குகிறது. ஏறக்குறைய முப்பத்தேழு வருஷம் ராஜாவுக்கு விசுவாசமாகச் சேவை செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை ராஜாவுக்குக் கீழே கொண்டுவந்தவர், 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்று இருக்கிறது. பக்கத்திலேயே மனைவியின் கல்லறை, மகனின் கல்லறை. மகன் 1765இல் களக்காட்டுச் சண்டையில் அடிபட்டு இறந்தவன், இருபது வயதுகூட நிரம்பவில்லை. மருமகனை அந்தக் கல்லின் முன்னால் நிறுத்துங்கள். தன்னைவிட நாலைந்து வயது மூத்தவன் என்று அவனே கணக்குப் போடுவான்.

மத்தியானம் போனால் வெயில் நேராகக் கல்லில் விழும், எழுத்து தெரியாது. சாயங்காலச் சாய்வு வெளிச்சத்தில் தமிழ் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் படிக்கலாம். கல்லில் தண்ணீர் ஊற்றுவது, சுண்ணாம்பு தேய்ப்பது எல்லாம் வேண்டாம். சிலர் படத்துக்காக அப்படிச் செய்கிறார்கள், எழுத்து தேய்ந்துகொண்டே வருகிறது.

வடசேரி வாசகி

படிக்கப் படிக்க இப்போதே கிளம்ப வேண்டும்போல இருக்கிறது. அரண்மனையில் போர் சம்பந்தமாக எதைப் பார்க்க வேண்டும்? முழு அரண்மனையும் பார்த்தால் அதற்கே நாள் போய்விடுமே.

நாஞ்சில் நடைவழி

டி லனாய் மார்த்தாண்ட வர்மா முன்னால் சரணடையும் ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நன்றாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வரைந்தது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். யார் நிற்கிறார்கள், யார் குனிகிறார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லலாம். பல வழிகாட்டிகள் டி லனாயை "டச்சுக் கடற்படைத் தளபதி" என்பார்கள். கம்பெனிப் படையில் அவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. இங்கே வந்த பிறகுதான் "வலிய கப்பித்தான்", அதாவது பெரிய தளபதி, ஆனார். அதுவே இன்னும் பெரிய கதை. மூலிகை மரங்களால் ஆன கட்டிலைக் காட்டி, டச்சுக்காரர்கள் பரிசாகக் கொடுத்தது என்பார்கள். அடித்துக்கொண்டவர்கள் எப்போது சமாதானம் ஆனார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் மாவேலிக்கரையைச் சொல்லுங்கள். ஊட்டுப்புரை, நவராத்திரி மண்டபம் எல்லாம் அழகுதான், வேகமாக நடந்துவிடலாம். அறைக்கு அறை பணியாளர்கள் விளக்கம் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்டால் கூடுதலாகவே சொல்வார்கள்.

வெளியே வந்ததும் அரண்மனையைச் சுற்றியுள்ள பழைய கோட்டை மதிலையும் கவனியுங்கள். மதிலுக்கு உள்ளேயே இன்றும் தெருவும் வீடும் கோயிலுமாக ஊர் இருக்கிறது.

தக்கலை வண்டிக்காரன்

அப்படியென்றால் நேரம் போட்டுத் தருகிறேன் அக்கா. காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் கிளம்பினால் ஏழரைக்குள் குளச்சல். மீன் ஏலத்தையும் பார்த்துவிடலாம், கடற்கரையில் வெயிலும் ஏறியிருக்காது. காலைச் சாப்பாடு திங்கள்நகரில். தலக்குளம், இரணியல் பார்த்துவிட்டுப் பதினொன்றுக்குள் அரண்மனை வாசலில் நிற்க வேண்டும், இதில் மட்டும் பிசகக் கூடாது. ஒரு மணிக்கு வெளியே வந்து தக்கலையில் சாப்பாடு. மூன்று மணிக்கு உதயகிரி. புலியூர்க்குறிச்சி அண்ணன் சொன்ன சாயங்கால வெளிச்சமும் கிடைத்துவிடும். ஐந்தரைக்கு வீட்டுக்குத் திரும்பலாம். ஜூலையில் மழை வந்தால் இரணியலில் குறைத்துக்கொள்ளுங்கள், உதயகிரியில் குறைக்காதீர்கள்.

வழிகாட்டிக்குப் பேசும்போது நாள் கூலியாகப் பேசுங்கள். கடையில் கமிஷன் வாங்குகிற ஆள் என்றால் சிப்பிக்கடையில் ஒரு மணி நேரம் போய்விடும்.

வடசேரி வாசகி

முடிவு செய்துவிட்டேன். ஜூலை 31 திங்கட்கிழமையாக வராவிட்டால் அன்றே, வந்தால் மறுநாள். வண்டிக்காரத் தம்பி போட்ட நேரப்படி குளச்சல், தலக்குளம், இரணியல், அரண்மனை, உதயகிரி. குளச்சல் அண்ணன் காலையில் கடற்கரையில் இருந்தால் பிள்ளைகளிடம் துடுப்புக் கதையை நீங்களே சொல்லுங்கள், வழிகாட்டி சொல்வதைவிட அது நன்றாக இருக்கும்.

கணவாய் அண்ணாச்சி, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அண்ணன் குடும்பம் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வரை இருப்பார்கள். அதற்குள் வரும் முதல் ஞாயிறு காலை ஆரல்வாய்மொழிக்கு வருகிறோம். மதிலின் மிச்சம் எங்கே இருக்கிறது என்று காட்ட நீங்கள் வருவீர்களா?

கிழக்குக் கணவாய்

கட்டாயம் வருகிறேன். காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போகும், குடை வேண்டாம், பிள்ளைகளுக்குத் தொப்பியும் பூட்ஸும் போட்டுக் கூட்டி வாருங்கள். முள் அதிகம்.